காசு கட்டியும் கொம்பவுன் வந்தால் என்ன செய்வது?

கேள்வி: லாயர் தம்பிக்கு வணக்கம். எனக்கு 58 வயது. தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டு டவுன் பக்கம் தாமான் குடியிருப்புக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. போன வாரம் அம்மாவைக் கிளினிக்கில் காட்டிவிட்டு, மருந்து வாங்கக் கடை வரிசையில் காரை நிறுத்தினேன். கைப்பேசிச் செயலியில் பார்க்கிங் காசும் கட்டினேன், 10.42-க்குக் கட்டியதாக ரசீது இருக்கிறது. திரும்பி வந்தால் வைப்பருக்கு அடியில் கொம்பவுன் என்கிற தண்டச் சீட்டு, அதில் நேரம் 11.05. அப்புறம்தான் பார்த்தேன், செயலியில் மகனுடைய மைவி கார் நம்பர் இருந்திருக்கிறது. நான் எடுத்துப்போனது என் வீட்டுக்காரருடைய பழைய சாகா. அவர் தவறி மூன்று வருடம் ஆகிறது, கார் இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. கொம்பவுன் 30 வெள்ளி (மலேசிய ரிங்கிட்), பதினான்கு நாளுக்குள் கட்டினால் குறைவு என்று போட்டிருக்கிறது. இதோடு அவர் பெயருக்கு ஊராட்சி மன்றத்திலிருந்து ஒரு கடிதமும் வந்திருக்கிறது, போன வருடத்து இரண்டு கொம்பவுன் பாக்கியாம். எனக்குத் தெரியவே தெரியாது. கோப்பிக் கடையில் ஒருவர் "கட்டாதீங்க, வருசக் கடைசியில பாதியா குறைப்பாங்க" என்கிறார். தங்கச்சி "வாரண்டு வந்துடும்" என்று பயமுறுத்துகிறாள். காசு கட்டியவள் எதற்குத் தண்டம் கட்ட வேண்டும்?

பதில்:

தம்பி என்று எழுதிவிட்டீர்கள், அந்த உரிமையில் நானும் அக்கா என்றே கூப்பிடுகிறேன். முதலில் மனதைத் தளர விடாதீர்கள். இதில் பயப்பட ஒன்றும் இல்லை, ஆனால் தள்ளிப் போடவும் கூடாது. புதுக் கொம்பவுனுக்கு இந்த வாரமே மேல்முறையீடு கொடுங்கள். பழைய இரண்டையும் என்னவென்று கேட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். காரின் பெயரை இனியும் அப்படியே விடாதீர்கள், எனக்கு உண்மையில் கவலை தருவது அதுதான்.

கொம்பவுன் என்றால் என்ன என்பதிலிருந்து வருகிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் பாதிப் பேர் அதைக் கோர்ட்டுத் தீர்ப்பு என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அது தீர்ப்பு இல்லை அக்கா. "நீங்கள் விதியை மீறியதாக எங்களுக்குத் தெரிகிறது, இந்தத் தொகையை இந்தத் தேதிக்குள் கட்டினால் இதோடு முடித்துக்கொள்கிறோம், கோர்ட்டுக்குக் கொண்டுபோக மாட்டோம்" என்று மன்றம் உங்கள் முன் வைக்கும் ஒரு வாய்ப்பு. கட்டினால் விஷயம் அங்கேயே முடிந்தது. உங்கள் பெயரில் குற்றப் பதிவு எதுவும் ஏறாது. கட்டாவிட்டால் மன்றம் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வழக்குப் போடலாம். அப்போது கோர்ட்டு சம்மன் வரும், அந்தத் தேதிக்கு நேரில் போக வேண்டும், போகாமல் இருந்தால் வாரண்டு வரைக்கும் போகலாம். தங்கச்சி சொன்னது முழுப் பொய் இல்லை, ஆனால் கண்ணாடியில் செருகிய காகிதத்துக்கும் வாரண்டுக்கும் நடுவில் இத்தனை படி இருக்கிறது. நீங்கள் நிற்பது முதல் படியில்.

நோட்டீஸின் மேல் பகுதியைப் பாருங்கள். எந்தச் சட்டத்தின் கீழ் என்று மலாயில் போட்டிருக்கும். பார்க்கிங் விஷயம் என்றால் பெரும்பாலும் பெரிந்தா பெங்ஙாங்குத்தான் ஜாலான் என்று தொடங்கி, தெம்பாட் லெத்தாக் கெரேத்தா என்று முடியும் ஒரு உத்தரவின் பெயர் இருக்கும். 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு ஊராட்சி மன்றமும் தன் எல்லைக்குப் போட்டுக்கொள்ளும் பார்க்கிங் உத்தரவு அது. தாப்பாவில் ஒரு தொகை, பஹாவில் வேறு தொகை, லாபிஸில் இன்னொன்று என்று இருப்பதற்கு இதுதான் காரணம். அதனால் பக்கத்து ஊரில் இருக்கும் மச்சான் இவ்வளவுதான் கட்டினான் என்பதை வைத்துக் கவுண்டரில் வாதாட வேண்டாம்.

இப்போது உங்கள் நெஞ்சில் உறுத்தும் கேள்வி. காசு கட்டியவள் எதற்குத் தண்டம் கட்ட வேண்டும்? உங்கள் பக்கம் நின்று பேச எனக்கு ஆசைதான், ஆனாலும் உள்ளதைச் சொல்கிறேன். சட்டப்படி பார்க்கிங் காசு ஆளுக்கு இல்லை, வண்டிக்கு. 11.05-க்கு அமலாக்க அதிகாரி உங்கள் சாகாவின் நம்பரைக் கையில் இருக்கும் கருவியில் தட்டியபோது அந்த நம்பருக்கு எதுவும் கட்டப்படவில்லை என்றுதான் காட்டியிருக்கும். அவர் தவறு செய்யவில்லை. நீங்கள் ஏமாற்ற நினைக்கவில்லை என்பது உண்மை, ஆனால் இந்த மாதிரிச் சின்னக் குற்றங்களில் எண்ணத்தைப் பார்ப்பதில்லை. அதனால் "என் மேல் தப்பே இல்லை" என்று எழுதினால் அந்தக் கடிதம் தோற்றுவிடும். மேல்முறையீடு என்று நாம் சொல்லும் இந்த ராயுவான், கோர்ட்டு அப்பீல் போல நியாயத்தைத் தீர்த்து வைக்கும் இடம் இல்லை. மன்றத்துக்குக் கொம்பவுனைக் குறைக்கவோ ரத்து செய்யவோ இருக்கும் அதிகாரத்தைப் பரிவோடு பயன்படுத்தச் சொல்லிக் கேட்கும் இடம். தவறை ஒப்புக்கொண்டு, கையில் இருக்கும் அத்தாட்சியோடு, அமைதியாகக் கேட்கும் கடிதத்துக்கு அங்கே மதிப்பு உண்டு. நானே பார்த்திருக்கிறேன், கவுண்டரில் சத்தம் போட்ட படித்த ஆள் முழுத் தொகையும் கட்டிவிட்டுப் போனார், அவருக்குப் பின்னால் ரசீதை நீட்டி இரண்டு வரி எழுதிக் கொடுத்த லாரி ஓட்டுநருக்கு ரத்தானது.

உங்கள் கையில் இருப்பது நல்ல அத்தாட்சி, அக்கா. ரசீது 10.42, கொம்பவுன் 11.05. அதாவது கொம்பவுன் போடுவதற்கு 23 நிமிடம் முன்பே நீங்கள் கட்டிவிட்டீர்கள். இது நேர்மாறாக, 11.05-க்குக் கொம்பவுன் விழுந்து 11.08-க்குக் காசு கட்டியிருந்தால், மேல்முறையீடு வேண்டாம், கட்டிவிடுங்கள் என்று சொல்லியிருப்பேன். அந்த மாதிரி எத்தனையோ பேர் காகிதத்தைப் பார்த்ததும் காரிலேயே உட்கார்ந்து அவசரமாகச் செயலியில் கட்டிவிட்டு, "கட்டினேனே" என்று வருவார்கள். அதிகாரிகள் முதலில் பார்ப்பது இந்த இரண்டு நேரத்தைத்தான்.

அடுத்து அவர்கள் கேட்கப்போவது: அதே நேரத்தில் மைவி எங்கே இருந்தது? மைவியும் அதே டவுனில் நின்றிருந்தால் அந்தக் காசு மைவிக்குக் கட்டியது என்று சொல்லிவிடுவார்கள். மகன் அன்றைக்கு வேலைக்கு வேறு ஊருக்கு எடுத்துப் போயிருந்தால், தொழிற்சாலைக் கேட்டில் நுழைந்த பதிவோ, டோல் கட்டிய டச் அண்ட் கோ பட்டியலோ இருந்தால் அதில் ஒரு பிரதி போதும். வீட்டு வாசலிலேயே நின்றது என்றால் அதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். கூடவே மைவி உங்கள் மகனுடையது என்று காட்ட அதன் கெரான் (வண்டிப் பதிவுப் பத்திரம்) பிரதி, கிளினிக்கில் கொடுத்த அம்மாவின் வருகை அட்டைப் பிரதி. கிளினிக் அட்டை சட்டப்படி பெரிய அத்தாட்சி இல்லை, ஆனால் வயதான அம்மாவைக் கையில் பிடித்துக்கொண்டு செயலியைத் திறக்கும்போது மேலே எந்த வண்டி நம்பர் இருக்கிறது என்று பார்க்கத் தவறியது எப்படி என்று அதுதான் பேசும்.

இன்னொன்று, உடனே செய்ய வேண்டியது. அந்தக் கொம்பவுன் சீட்டை எடுத்து இப்போதே கைப்பேசியில் படம் பிடியுங்கள். கடை ரசீது மாதிரியான பளபளப்புக் காகிதத்தில்தான் அதை அச்சடிக்கிறார்கள். டேஷ்போர்டில் இரண்டு நாள் வெயில் பட்டால் எழுத்து சாம்பலாகிவிடும், கைப்பைக்குள் வைத்தாலும் சில மாதத்தில் வெறும் வெள்ளைக் காகிதம்தான் மிஞ்சும். நம்பர் தெரியாத காகிதத்தை வைத்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் நிறைய. படம் எடுத்துவிட்டு ஒரு ஜெராக்ஸும் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தை மலாயில் எழுதுங்கள். தோட்டத்தில் இருந்த காலத்தில் ஆபீஸ் கிராணி எழுதிக் கொடுத்தால்தான் கடிதம், நாம் கீழே கையெழுத்து மட்டும் போடுவோம். அந்தப் பயம் இன்னும் நம்மிடம் இருக்கிறது, மலாய்க் கடிதம் என்றால் பெரிய படிப்பு வேண்டும் என்று. வேண்டாம். மகன் எழுதினாலே போதும், ஒரு பக்கத்துக்குள். மன்றத் தலைவரான யாங் டிபெர்த்துவாவுக்கு, அமலாக்கப் பிரிவின் பார்வைக்கு. தலைப்பில் கொம்பவுன் நம்பர், கார் நம்பர், தேதி. முதல் பத்தியில் என்ன நடந்தது, இரண்டாவதில் செயலியில் தவறான வண்டியைத் தேர்ந்தெடுத்தது என் கவனக்குறைவு என்ற ஒப்புதல், மூன்றாவதில் என்ன கேட்கிறீர்கள் என்பது. இந்த மூன்றாவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வெறுமனே "தயவுகூர்ந்து பரிசீலிக்கவும்" என்று முடித்துவிடுகிறார்கள். அதிகாரி எதைப் பரிசீலிப்பார்? பெம்பாத்தாலான், அதாவது ரத்து, வேண்டும் என்று முதலில் கேளுங்கள். அது முடியாவிட்டால் பெங்குராங்ஙான், அதாவது தொகைக் குறைப்பு, வேண்டும் என்று அடுத்த வரியிலேயே கேளுங்கள். இரண்டையும் ஒரே கடிதத்தில் கேட்டால், ரத்து செய்ய மனம் வராத அதிகாரிக்கும் குறைத்துக் கொடுக்க ஒரு வழி இருக்கும்.

கொண்டுபோகும்போது இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்று அவர்களுக்கு, இன்னொன்றில் பெற்றுக்கொண்டதாகச் சாப்பு (முத்திரை) குத்தி, தேதி போட்டு, நீங்கள் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். சாப்பு இல்லாத கடிதம் கொடுக்காத கடிதம் மாதிரிதான், மூன்று மாதம் கழித்து "வரவே இல்லையே" என்று சொன்னால் உங்களிடம் பதில் இருக்காது. இணையத்தில் ராயுவான் பாரம் வைத்திருக்கும் மன்றம் என்றால் அதிலும் அனுப்பலாம், அனுப்பியதும் வரும் நம்பரைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முக்கியமான ஒரு விஷயம், காசைக் கட்டிவிட்டு ராயுவான் எழுதாதீர்கள். கட்டினால் அவர்கள் வைத்த வாய்ப்பை நீங்கள் ஏற்றுக்கொண்டதாகிவிடும், அப்புறம் திருப்பி வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. அதே நேரம் ராயுவான் கொடுத்துவிட்டோம் என்று பதினான்கு நாள் கணக்கையும் மறந்துவிடாதீர்கள், கடிதம் கொடுத்ததாலேயே அந்தத் தேதி நின்றுவிடும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கவுண்டரில் அதை வாய்விட்டுக் கேளுங்கள்: முடிவு வரும்வரை குறைந்த தொகை அப்படியே இருக்குமா? இருக்கும் என்றால் பேசியவர் பெயரையும் தேதியையும் உங்கள் பிரதியின் பின்னால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இருக்காது என்றால், பதினான்காவது நாள் வரை பதில் வராமல் போனால் குறைந்த தொகையைக் கட்டி முடித்துவிடுங்கள். சில வெள்ளிக்காக உங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

கோப்பிக் கடை அண்ணன் சொன்ன பாதி விலைக் கதையும் காற்றில் வந்தது இல்லை. மன்றங்கள் அவ்வப்போது கொம்பவுன் கழிவு, அதாவது தள்ளுபடி, அறிவிப்பது உண்மை, பழைய பாக்கியை வசூலிக்க அவர்களுக்கும் அது வசதி. ஆனால் எப்போது, எவ்வளவு, எந்த வகைக் கொம்பவுனுக்கு என்பது அவர்கள் கையில். கோர்ட்டுக்குப் போய்விட்ட கேஸ் பெரும்பாலும் அதில் சேராது. அதை நம்பி இருப்பதையும் கட்டாமல் வைப்பது தப்பு. ஏற்கெனவே பழைய பாக்கி இருக்கிறவர்களுக்கு அது நல்ல சந்தர்ப்பம், உங்கள் போன வருடத்து இரண்டுக்கும் கழிவு ஏதாவது ஓடுகிறதா என்று கேட்பதில் தப்பே இல்லை.

அந்த இரண்டைப் பற்றி. கடிதத்தில் இருக்கும் நம்பர்களை எடுத்துக்கொண்டு அதே கவுண்டரில் படம் காட்டச் சொல்லுங்கள். இப்போது அமலாக்க அதிகாரிகள் பெரும்பாலும் காரைப் படம் எடுத்துவிட்டுத்தான் கொம்பவுன் போடுகிறார்கள். படத்தில் இருப்பது உங்கள் சாகாதானா, நம்பர் பட்டையில் ஒரு எழுத்து மாறிப் படித்திருக்கிறார்களா, இடம் எது, நாள் எது என்று பாருங்கள். நம் நாட்டுச் சாதாரண வண்டி நம்பர் வரிசையில் ஆங்கில ஐயும் ஓவும் கிடையாது, ஒன்றோடும் சுழியத்தோடும் குழம்பும் என்று விட்டுவிட்டார்கள். ஆனால் பழைய பட்டையில் பெயிண்ட் உதிர்ந்திருந்தால் எட்டு மூன்றாகத் தெரியும், பி எட்டாகத் தெரியும். அன்றைக்குப் பொது விடுமுறையா என்றும் பாருங்கள். பல இடங்களில் பொது விடுமுறையில் பார்க்கிங் காசு இல்லை, கம்பத்தில் இருக்கும் பலகையில் நேரமும் நாளும் போட்டிருக்கும். தைப்பூசம் எல்லா மாநிலத்திலும் விடுமுறை இல்லை, பேராக், சிலாங்கூர், பினாங்கு, நெகிரி செம்பிலான், ஜொகூரில் உண்டு. கெடாவில் வார விடுமுறை வெள்ளி, சனி. ஜொகூரில் 2025 ஜனவரியிலிருந்து மறுபடி சனி, ஞாயிறு ஆகிவிட்டது. ஆனால் மஞ்சள் கோட்டிலோ, இன்னொரு காருக்குப் பக்கத்தில் இரட்டையாகவோ நிறுத்தியதற்கு விழுந்தது என்றால் விடுமுறை உதவாது, அது காசு கட்டாத குற்றம் இல்லை, வழி மறித்த குற்றம். படமும் நாளும் சரியாக இருந்து, உங்கள் வீட்டுப் பிள்ளைகளில் யாரோ எடுத்துப் போனதுதான் என்று தெரிந்தால் கட்டிவிடுங்கள்.

போலீஸ் சம்மனை மைபாயார் செயலியில் பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. அதில் போலீஸ் சம்மன் மட்டும்தான் வரும். சாலைப் போக்குவரத்து இலாகாவுடையது மைஜேபிஜேயில், மன்றத்துடையது மன்றத்தில்தான். ஒன்றில் இல்லை என்பதால் மற்றதிலும் இல்லை என்று ஆகாது. உங்களுக்குத் தெரியாமல் இரண்டு பாக்கி தங்கியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இப்போது எனக்குக் கவலை தரும் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருடமாக மாமா பெயரிலேயே கார் ஓடுகிறது. தோட்டப்புறத்தில் இது வீட்டுக்கு வீடு இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அவர் ஆசையாக வாங்கிய கார், பெயரை மாற்றினால் அவரையே மாற்றிவிட்ட மாதிரி இருக்கும் என்று ஒரு அம்மா என்னிடம் அழுதிருக்கிறார். ஆனால் கொம்பவுன் கடிதம் அவர் பெயருக்கே வந்துகொண்டிருக்கும், ஒவ்வொரு முறை அந்த உறையைப் பிரிக்கும்போதும் உங்களுக்குத்தான் வலி. அதைவிட, ஒரு விபத்து நடந்தால் இன்சூரன்ஸில் சிக்கல் வரலாம், 30 வெள்ளிப் பேச்சு அங்கே எடுபடாது. மன்றத்துக் கடிதத்தோடு அவருடைய இறப்புச் சான்றிதழ் பிரதியை இணைத்து, காரை இப்போது ஓட்டுவது நான்தான், கடிதங்களை இந்த முகவரிக்கு என் பெயரில் அனுப்புங்கள் என்று எழுதிவிடுங்கள். பெயர் மாற்றத்துக்கு, அவர் விட்டுச்சென்றது கார், சேமிப்பு மாதிரியான அசையும் சொத்து மட்டும், மொத்தம் 600,000 வெள்ளிக்குள், உயில் எதுவும் இல்லை என்றால் அமானா ராயா என்ற அறங்காவல் நிறுவனத்துக்குப் போகலாம். வீடோ நிலமோ அவர் பெயரில் இருக்கிறது என்றால் நில அலுவலகத்தின் சிறு சொத்துப் பிரிவு வழியாகப் போவது சரியாக இருக்கும், காரையும் அதிலேயே சேர்த்துவிடலாம். எது என்று எனக்கு எழுதுங்கள், அடுத்த முறை விவரமாகச் சொல்கிறேன்.

பார்க்கிங் சம்மன் பாக்கி, இந்த லிங்கை அழுத்திக் கட்டுங்கள் என்று குறுஞ்செய்தியோ வாட்சாப்போ வந்தால் தொடாதீர்கள், செயலியை இறக்கச் சொன்னால் அதைவிட ஆபத்து. கட்டுவதாக இருந்தால் கவுண்டரில், அல்லது முகவரி ஜிஓவி டாட் எம்ஒய் என்று முடியும் மன்றத்தின் சொந்தத் தளத்தில். தப்பித் தவறி காசு போய்விட்டால் அந்த நிமிடமே வங்கிக்கும் மோசடிப் புகார் எண் 997-க்கும் அழையுங்கள்.

உங்கள் கடிதத்தின் ஓரத்தில் சின்னதாக எழுதியிருந்தீர்கள், அந்தக் கடை வரிசையில் இருக்கும் பார்க்கிங் பலகை மரக்கிளைக்குள் மறைந்து கிடக்கிறது என்று. அதைத் தனியாகப் படம் எடுத்து உங்கள் பகுதி மன்ற உறுப்பினரிடம் கொடுங்கள். 1965-க்குப் பிறகு நம் நாட்டில் ஊராட்சித் தேர்தல் இல்லை, உறுப்பினர்களை மாநில அரசுதான் நியமிக்கிறது. அதனால் ஓட்டுக் கேட்டு அவர் உங்கள் வாசலுக்கு வர மாட்டார், நாம்தான் போய்ச் சொல்ல வேண்டும். கொம்பவுனை ரத்து செய்து கொடுங்கள் என்று அவரைக் கேட்காதீர்கள், அது அவர் வேலை இல்லை. கிளையை வெட்டி, பலகை தெரிகிற மாதிரி செய்ய வேண்டும் என்று கூட்டத்தில் பேசச் சொல்லுங்கள். சம்பள நாளில் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வருகிற எத்தனை பேருக்கு அந்தப் பலகை கண்ணில் படாமல் கொம்பவுன் விழுந்திருக்கும்.

செயலியில் இரண்டு கார் இருக்கும் வீட்டுக்கு ஒரு சின்ன வழி. நம்பரோடு பெயரும் போட்டு வைக்க இடம் இருந்தால் "அம்மா சாகா", "தம்பி மைவி" என்று போடச் சொல்லுங்கள். அப்படி இடம் இல்லையென்றால் உங்கள் கைப்பேசியிலிருந்து மைவியை அழித்துவிடுங்கள், மகன் அவர் கைப்பேசியில் கட்டிக்கொள்வார்.

வெள்ளிக்கிழமை போவதாக இருந்தால் காலையிலேயே போய்விடுங்கள் அக்கா, மதியம் 12.15-லிருந்து 2.45 வரை கவுண்டர் பூட்டியிருக்கும் இடங்கள் உண்டு, அம்மாவை வீட்டில் தனியாக விட்டுவிட்டு அங்கே காத்திருக்க வேண்டாம். கொம்பவுன் சீட்டு, ரசீது, இரண்டு கெரான் பிரதி, இறப்புச் சான்றிதழ், கிளினிக் அட்டை எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுபோங்கள். காரை நிறுத்தியதும் செயலியில் உங்கள் சாகாவின் நம்பரைப் பார்த்துக் கட்டிவிட்டு உள்ளே போங்கள்.